மோலே தெ ஓயா: மெக்சிகோ வீடுகளின் மாட்டுக்கறிக் குழம்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை நிமித்தமாக நான்கு வருடம் மெக்சிகோ நகரத்தில் இருந்தேன். கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெரிய பானையை அடுப்பில் ஏற்றினால் மதியம் வரை மாடிப்படி முழுக்க மணக்கும். மோலே தெ ஓயாவை அவர் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். ஊர் திரும்பிய பிறகு இதைச் சாப்பிட்ட நண்பர்களும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

மோலே தெ ஓயா என்றால் என்ன?

'மோலே' என்பது நாவாட்ல் மொழியின் 'மோல்லி' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஸ்பானியர்கள் வருவதற்கு முன் நடு மெக்சிகோவை ஆண்ட அஸ்தெக்குகள் பேசிய மொழி அது. இன்றும் மெக்சிகோவில் லட்சக்கணக்கானவர்கள் பேசுகிறார்கள். 'மோல்லி' என்றால் அரைத்துச் செய்த சாந்து, குழம்பு. 'ஓயா' என்றால் ஸ்பானிய மொழியில் பானை. ஆக, பானைக் குழம்பு. எலும்போடு சேர்ந்த மாட்டுக்கறியை மெல்லிய தீயில் வேகவைத்து, அந்தச் சாற்றில் காய்ந்த மிளகாய் விழுதைக் கரைத்து, மக்காச்சோளமும் காய்களும் போட்டுக் கொதிக்க விடுவார்கள். நம் கறிக்குழம்பை விடத் தண்ணீர், ரசத்தை விடக் கெட்டி. மெக்சிகோவின் நடுப்பகுதி வீடுகளில், அதிலும் மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும், இதை அடிக்கடி சமைப்பார்கள்.

மோலே என்றால் சாக்லேட் போட்ட குழம்புதானே?

அது பூவெப்லா ஊரின் மோலே. ஏகப்பட்ட பொருட்களை வறுத்து அரைத்துச் செய்யும் கெட்டிக் குழம்பு. அதில் கொஞ்சம் சாக்லேட் சேரும். பெயரில் மோலே இருந்தாலும் இது வேறு. இதில் சாக்லேட் கிடையாது.

பிர்ரியாவும் இதுவும் ஒன்றா?

இல்லை. பிர்ரியா ஹலிஸ்கோ மாநிலத்துச் சமையல். அங்கே முதலில் ஆட்டுக்கறியில்தான் செய்தார்கள். மாட்டுக்கறி பிர்ரியா பின்னால் அமெரிக்க எல்லையோர ஊரான தியுவானா பக்கம் பிரபலமானது. கறியை மிளகாய், வினிகர், கிராம்பு, பட்டை, சீரகம் எல்லாம் சேர்ந்த விழுதில் ஊறவைத்துப் பிறகு வேகவைப்பார்கள். காய் போடுவதில்லை. 'கால்தோ தெ ரெஸ்' என்று இன்னொன்று உண்டு. அதில் கறியும் காயும் இருக்கும், மிளகாய் விழுது இருக்காது. மோலே தெ ஓயாவை அதற்குப் பக்கத்து வீடு என்று சொல்லலாம்.

இது பழங்காலத்து உணவா?

பாதி. மிளகாய், மக்காச்சோளம், தக்காளி, சௌசௌ, எபசோத்தே கீரை எல்லாம் அந்த மண்ணில் பிறந்தவை. மாடு மட்டும் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு கப்பலில் வந்தது. 1521இல் அஸ்தெக்குகளின் தலைநகரான தெனோச்தித்லான் ஸ்பானியர்களிடம் வீழ்வதற்கு முன்பு அங்கே மாடும் இல்லை, ஆடும் இல்லை, பன்றியும் இல்லை. வான்கோழி, மான், வாத்து, மீன் என்றுதான் சாப்பிட்டார்கள். மிளகாயை அரைத்துக் குழம்பாக்கும் பழக்கம் அவர்களுடையது, அதற்குள் போன கறி வெளியிலிருந்து வந்தது. மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை யுனெஸ்கோ 2010இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, மக்காச்சோளம், பீன்ஸ், மிளகாய் மூன்றையும் அந்தச் சமையலின் அடிப்படையாகக் குறிப்பிட்டது.

கறிக்கடையில் என்ன கேட்டு வாங்குவது?

மெக்சிகோவில் 'சம்பரேத்தே' என்று கேட்பார்கள். கால் கறியை எலும்போடு குறுக்கே வெட்டிய வட்டத் துண்டு. நடுவில் நல்லி இருக்கும். நம் ஊரில் கால் கறி, நல்லி எலும்போடு இரண்டு அங்குல கனத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். நிஹாரி என்ற நல்லிக்கறிக் குழம்புக்கு வாங்குபவர்கள் கேட்பது இதே பகுதியைத்தான் என்பதால் கடைக்காரர்களுக்குப் புரியும். கூட ஒரு துண்டு நெஞ்சுக்கறி சேர்த்தால் சாற்றுக்குக் கொழுப்பு கிடைக்கும்.

எலும்பில்லாத தொடைக்கறி வேண்டாம். இரண்டு மணி நேரம் கொதித்தால் அது நார் நாராகக் காய்ந்துவிடும். கால் கறியில் சவ்வும் தசைநாரும் அதிகம். அவைதான் மெல்ல உருகிச் சாற்றுக்குப் பிசுபிசுப்பும் கனமும் தருகின்றன. நாம் 'ரப்பர் மாதிரி இருக்கிறது' என்று ஒதுக்கும் பகுதி இந்தக் குழம்புக்கு மிகவும் ஏற்றது.

ஆறு பேருக்கு என்ன அளவு?

எலும்போடு ஒன்றரைக் கிலோ கறி, மூன்றரை லிட்டர் தண்ணீர், பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு ஆறு பல், உப்பு. விழுதுக்கு ஆஞ்சோ மிளகாய் 4, பசீயா மிளகாய் 3, நன்றாகப் பழுத்த தக்காளி 3. காய்களில் மக்காச்சோளக் கதிர் 3, சௌசௌ 2, பீன்ஸ் 200 கிராம், பிஞ்சான சுக்கினி 3. எபசோத்தே இரண்டு கொத்து. புளிப்புக்கு சோகோநோஸ்த்லே என்ற கள்ளிப்பழம் 4. உருளைக்கிழங்கும் கேரட்டும் போடும் வீடுகளும் உண்டு. எனக்கு உருளைக்கிழங்கு பிடிக்காது. மாவு கரைந்து சாற்றை மழுக்கிவிடுகிறது.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

கறியைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு அடுப்பை ஏற்றுங்கள். கொதி வரும்போது சாம்பல் நிறத்தில் நுரை எழும். கரண்டியால் அள்ளிக் கொட்டுங்கள். பத்து நிமிடம் பொறுமையாக நின்று அள்ளினால் அப்புறம் நுரை வராது. பிறகு பாதி வெங்காயம், நான்கு பல் பூண்டு, இரண்டு டீஸ்பூன் உப்பு போட்டுத் தீயைக் குறையுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழுந்தால் போதும்.

கறி வேகும் நேரத்தில் மிளகாயைக் கவனிக்கலாம். இந்தக் குழம்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. காம்பைக் கிள்ளி, ஒரு பக்கம் கத்தரியால் வெட்டி, விதையை உதறிவிட்டு, மிளகாயைப் புத்தகம் போல விரித்துவிடுங்கள். தோசைக்கல்லை மிதமாகச் சூடாக்குங்கள். அங்கே இதற்குக் 'கொமால்' என்ற தட்டையான கல்லோ மண்தட்டோ வைத்திருப்பார்கள். எண்ணெய் விடாமல் மிளகாயை வைத்துக் கரண்டியால் அழுத்தினால், கன்னங்கரேலென்று இருந்த தோல் செங்கல் நிறத்துக்கு வெளுத்து மெல்ல உப்பும். உலர்திராட்சை மாதிரி ஒரு மணம் வரும். அந்த நொடியே திருப்பிவிட வேண்டும். ஒரு பக்கத்துக்கு இருபது விநாடி, மிஞ்சினால் முப்பது. அந்த வீட்டுக்கார அம்மா கடிகாரம் பார்க்க மாட்டார், மூக்கை வைத்துத்தான் கணக்கு. "மணம் மாறி நெடி வந்தால் அந்த மிளகாயைத் தூக்கிப் போடு, மற்றதையும் கெடுத்துவிடும்" என்பார்.

வறுத்த மிளகாய் மூழ்குமளவு வெந்நீர் ஊற்றி இருபது நிமிடம் ஊறவையுங்கள். அதே கல்லில் தக்காளி, மீதி வெங்காயத்தில் ஒரு துண்டு, இரண்டு பல் பூண்டு மூன்றையும் அங்கங்கே கருகும்வரை சுடுங்கள். எல்லாவற்றையும் ஒரு கரண்டிக் கறிச்சாறு விட்டு மிக்ஸியில் நைசாக அரைத்து வடிகட்டுங்கள். வடிகட்டாமல் விட்டால் மிளகாய்த் தோல் பல்லில் ஒட்டும்.

ஒரு வாணலியில் இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, நன்றாகக் காய்ந்ததும் விழுதை ஊற்றுங்கள். சடசடவென்று தெறிக்கும், மூடியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு நிமிடம் கிளறினால் நிறம் கருத்து, ஓரத்தில் எண்ணெய் பிரியும். நமக்குப் பழகிய அடையாளம்தான். இந்த விழுதை, கறி முக்கால்வாசி வெந்த பிறகு பானையில் சேருங்கள். அதன் பிறகு காய்கள், ஒவ்வொன்றும் அதனதன் நேரத்துக்கு. கடைசிப் பத்து நிமிடத்தில் எபசோத்தே.

ஆஞ்சோ, பசீயா எல்லாம் இங்கே கிடைக்குமா? நம் மிளகாய் போடலாமா?

பெரிய நகரங்களில் வெளிநாட்டுச் சாமான்கள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. ஒரு முறையாவது அசலை வாங்கிச் செய்து பாருங்கள் என்பேன், ஏனென்றால் இந்த மிளகாய்களின் வேலை காரம் கொடுப்பது இல்லை. ஆஞ்சோ என்பது பொப்லானோ என்ற பெரிய பச்சை மிளகாயைப் பழுக்கவிட்டுக் காயவைத்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். காரம் மிகக் குறைவு. இனிப்பும் லேசான புகையிலை மணமும் உண்டு. பசீயா நீளமாக, கறுப்பாக, கொஞ்சம் கசப்போடு இருக்கும். இரண்டும் சேரும்போதுதான் அந்த ஆழம் வருகிறது.

கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாயோ பேடகி மிளகாயோ பத்துப் பன்னிரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் ஆஞ்சோவை விடச் சிவப்பாக வரும். இனிப்புக்காக நான் எட்டுக் கருப்பு உலர்திராட்சையையும் சேர்த்து ஊறவைத்து அரைப்பேன். மெக்சிகோவில் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஆனால் வெறும் பேடகியில் செய்ததை விட இது அசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. குண்டூர் மிளகாயையோ நீட்டு மிளகாயையோ இந்த எண்ணிக்கையில் போட்டால் வாயில் வைக்க முடியாது. காரம் வேண்டுமென்றால் அதில் ஒன்று மட்டும் சேருங்கள். அங்கே 'ஆர்போல்' என்ற சின்ன மிளகாயை இப்படித்தான் சேர்க்கிறார்கள்.

இஞ்சி, மஞ்சள்தூள், மல்லித்தூள், கரம் மசாலா?

வேண்டாம். நான்கும் நல்ல பொருட்கள்தான், ஆனால் இதில் போட்டால் நமக்குப் பழகிய கறிக்குழம்பு ஆகிவிடும், மிளகாயின் மணம் அடியில் போய்விடும். சில வீடுகளில் ஒரு சிட்டிகை சீரகமும் ஒரு கிராம்பும் விழுதில் அரைப்பார்கள், அவ்வளவுதான். கறியை முதலில் வதக்கவும் தேவையில்லை.

இன்னொன்று, கறி வெந்த தண்ணீரைக் கொட்டிவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்தக் குழம்பே அந்தத் தண்ணீர்தான்.

எவ்வளவு நேரம் ஆகும்? குக்கரில் வைக்கலாமா?

சமவெளியில், திறந்த பானையில், கறிக்கு மட்டும் இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம். எருமைக்கறி என்றால் மூன்று மணி நேரம்கூட ஆகலாம். கறி எலும்பை விட்டு நழுவ வேண்டும், ஆனால் உதிரக் கூடாது. நேரத்தை நம்பாமல் ஒரு முள்கரண்டியால் குத்திப் பாருங்கள்.

குக்கர் தாராளமாக வைக்கலாம். மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிட்டத்தட்ட நம் ஊட்டியின் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடு ஏறாது என்பதால் எலும்புக்கறி வேகப் பொழுது போய்விடும். அதனால் அந்த ஊர் வீடுகளிலும் குக்கர் சகஜம். தண்ணீரைக் குக்கர் கொள்ளுமளவு, அதாவது கறியோடு சேர்த்து மூன்றில் இரண்டு பாகத்துக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 35 நிமிடம் வையுங்கள். ஆவி தானாக இறங்கிய பின் திறந்து, சாற்றோடு பெரிய பானைக்கு மாற்றி, மீதித் தண்ணீரையும் விழுதையும் காய்களையும் அதில் சேருங்கள். காய்களைக் குக்கரில் போட வேண்டாம். நுரை எடுக்கும் வேலையை மட்டும் குக்கரை மூடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

சௌசௌ நிஜமாகவே மெக்சிகோ காயா?

ஆமாம். மெக்சிகோ நகரத்தின் பொர்த்தாலெஸ் சந்தையில் முதல் வாரம் காய்கறிக் குவியலுக்கு நடுவே சௌசௌவைப் பார்த்தபோது அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. அங்கே அதற்குப் பெயர் 'சாயோத்தே', அதுவும் நாவாட்ல் சொல்தான். பச்சை வழவழப்பாக ஒரு வகை, உடம்பெல்லாம் முள்ளோடு ஒரு வகை என்று இரண்டும் கிடைக்கும். நாம் பெங்களூர் கத்தரிக்காய் என்றும் மேரக்காய் என்றும் சொல்லும் காயின் பூர்வீகம் அதுதான். கூட்டு வைக்க வெட்டுவது போல் பொடியாக வெட்டாமல், தோல் சீவி நான்காகப் பிளந்து அப்படியே போடுங்கள். விதையை எடுக்க வேண்டாம், அது வெந்தால் பாதாம் பருப்பு மாதிரி இருக்கும்.

காய்களை எந்த வரிசையில் போடுவது?

விழுது சேர்த்த பிறகு முதலில் மக்காச்சோளம், மூன்று விரல் கனத்துக்கு வட்டமாக வெட்டியது. மெக்சிகோவின் வெள்ளைச் சோளம் மாவுத்தன்மை உள்ளது, நம் நாட்டு மக்காச்சோளம் அதற்கு நெருக்கம். அது வேக அரை மணி நேரம் பிடிக்கும். ஸ்வீட் கார்ன் என்றால் பத்து நிமிடத்தில் வெந்துவிடும், சாறும் இனித்துவிடும். வேறு வழியில்லை என்றால் மட்டும் போடுங்கள். சோளத்துக்குப் பத்து நிமிடம் கழித்து சௌசௌ, அதற்கு ஐந்து நிமிடம் கழித்து பீன்ஸ், கடைசிப் பத்து நிமிடத்தில் சுக்கினி. சுக்கினி கிடைக்காத ஊரில் பரங்கிப் பிஞ்சு போடலாம், இரண்டும் ஒரே குடும்பம்.

எபசோத்தே, சோகோநோஸ்த்லே இரண்டும் கிடைக்காதே?

எபசோத்தே காரமான மணமுள்ள ஒரு கீரை. கொஞ்சம் மண்ணெண்ணெய் சாயல்கூட இருக்கும், முதல் தடவை முகர்ந்தால் முகம் சுளிக்கும். அதற்கு மாற்று கிடையாது. இல்லையென்றால் கொத்தமல்லித் தண்டு ஒரு கைப்பிடி போடுங்கள். சுவை வேறுதான், ஆனால் பச்சை மணம் ஒன்று வேண்டும். கிடைத்தாலும் இரண்டு கொத்துக்கு மேல் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று அங்கே சொல்வார்கள், அதை நானும் கடைப்பிடிக்கிறேன்.

சோகோநோஸ்த்லே என்பது சப்பாத்திக்கள்ளி வகையில் புளிப்பான பழம். நம் ஊர் வேலியோரச் சப்பாத்திக்கள்ளிப் பழம் இனிப்பு, அது இதற்கு ஆகாது. நான் புளிப்பான மாங்காயில் நான்கு துண்டு போடுகிறேன். புளிப்பும் கிடைக்கிறது, கடித்துச் சாப்பிடவும் ஒன்று இருக்கிறது. மாங்காய் இல்லாத மாதங்களில் சின்ன நெல்லிக்காய் அளவு புளி.

மண்சட்டியில் செய்யலாமா?

பழகிய மண்சட்டி இருந்தால் செய்யலாம். மெக்சிகோவிலிருந்து பளபளப்பான பூச்சுள்ள பானை வாங்கி வந்தவர்கள் மட்டும் கவனம். அங்கே மரபாகப் பூசும் மெருகில் ஈயம் கலந்திருப்பது உண்டு, புளிப்பான குழம்பில் அது இறங்கும். ஈயம் இல்லாதது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என் குழம்பு கசக்கிறது. என்ன செய்வது?

மிளகாய் கருகியிருக்கிறது. என் முதல் பானை இப்படித்தான் வீணானது. ஒரே ஒரு மிளகாய் கருகியதை 'பரவாயில்லை' என்று அரைத்துவிட்டேன். சர்க்கரை, தக்காளி என்று எதைப் போட்டும் சரியாகவில்லை. விழுதைப் பானையில் ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் விழுதை மட்டும் கொட்டிவிட்டுப் புதிதாக அரையுங்கள். கறியும் சாறும் பிழைத்துக்கொள்ளும்.

சாறு கலங்கலாக இருந்தால் தீ அதிகமாக எரிந்திருக்கிறது, சுவைக்குக் கேடில்லை. நீர்த்திருந்தால் மூடியைத் திறந்து வைத்து இன்னும் கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். மைதாவோ சோளமாவோ கரைத்து ஊற்ற வேண்டாம்.

மாட்டுக்கறி சாப்பிடாதவர்களுக்கு?

பன்றியின் முதுகெலும்பில் செய்யும் வீடுகள் மெக்சிகோவிலேயே உண்டு. மழைக்காலத்தில் காட்டுக் காளான் வைத்துக் கறியில்லாமல் செய்வதும் உண்டு. நாம் கடைக் காளானும் சிப்பிக் காளானும் போட்டுச் செய்யலாம், நன்றாகவே இருக்கும். ஆட்டுக்காலில் செய்தால் ஆட்டு மணம் மிளகாயை அமுக்கிவிடுகிறது, எனக்கு அது சரிப்படவில்லை.

எதோடு சாப்பிடுவது?

ஆழமான கிண்ணத்தில் கறித் துண்டு ஒன்று, சோளம் ஒன்று, ஒவ்வொரு காயிலும் ஒன்று என்று எடுத்து வைத்து, மேலே சாற்றை ஊற்றுவார்கள். பொடியாக நறுக்கிய வெங்காயமும் எலுமிச்சைத் துண்டும் தனியாக வரும். கூடவே சூடான தொர்த்தீயா, அதாவது மக்காச்சோள மாவில் சுட்ட மெல்லிய ரொட்டி. அந்த மாவுக்குச் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவைத்து, தோல் நீக்கி அரைப்பார்கள். அதனால் நம் மக்காச்சோள மாவில் அதே பக்குவம் வராது. தொர்த்தீயா இல்லையென்றால் வெறும் சோறு போதும், சாறு ஊறிய சோறு அருமையாக இருக்கும். சோளத்தைக் கையில் எடுத்துக் கடித்துத்தான் சாப்பிட வேண்டும்.

நல்லியை என்ன செய்வார்கள் என்று கேட்கிறீர்களா? அந்த அம்மா எலும்பைத் தொர்த்தீயா மேல் நிமிர்த்திப் பிடித்து, கரண்டிக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டுவார். நல்லி வழுக்கிக்கொண்டு வந்து விழும். மேலே நாலு கல் உப்பு, ஒரு பிழி எலுமிச்சை, மடித்து யாராவது ஒருவர் கையில் கொடுத்துவிடுவார். வீட்டில் ஆறு பேர் இருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை யாருக்கு என்று எல்லோரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்போம்.

மீந்ததை எத்தனை நாள் வைக்கலாம்?

ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் மூன்று நாள் தாங்கும். மறுநாள் மேலே செந்நிறத்தில் கொழுப்பு உறைந்திருக்கும். பாதியை எடுத்துவிட்டு மீதியைச் சாற்றோடு சுட வையுங்கள். சுவை மறுநாள்தான் இன்னும் நன்றாகச் சேர்ந்திருக்கும். ஃபிரீசரில் வைப்பதாக இருந்தால் காய் போடுவதற்கு முன்பே கறியையும் சாற்றையும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், சுக்கினியும் சௌசௌவும் உறைந்து உருகினால் கூழாகிவிடும்.